கந்தளாயில் பழுதுபார்த்த ஒரு பெட்டி

கந்தளாய் என்றதும் பலருக்குக் குளம் நினைவுக்கு வரும். எனக்கோ சீனித் தொழிற்சாலை. செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியுடன் 1960 களில் இயங்கிய அத்தொழிற்சாலை தொண்ணூறுகளில் மூடப்பட்டது. பத்திரிகைத்துறைக்கு வந்த புதிதில் நான் அதுபற்றி எழுதிய கட்டுரையில் நட்டக் கணக்கு இருந்தது. வேலையிழந்தோரின் கவலையும் இருந்தது. அந்த இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓடவைத்தவர்களின் கைத்திறன் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்தக் குறை 2022 மே மாதத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை அரசு இடைநிறுத்தியிருந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அவ்வேளையில் கந்தளாயில் அரிசி ஆலையொன்றுக்குச் சென்றிருந்தேன். கறுத்த அரிசியைக் கமராவால் இனங்கண்டு காற்றால் தள்ளிவிடும் இயந்திரம் பத்து நாட்களாக நின்றுபோயிருந்தது. 230 வோல்ட் மின்சாரத்தை 24 வோல்ட் நேரோட்டமாக்கித் தரும் அதன் மின்வழங்கி பழுது. "முழுப் பெட்டியையும் மாற்றவேண்டும், டொலர் கிடைத்தால் தருவிப்போம்" என்று முகவர் கைவிரித்துவிட்டார்.

முதலாளி, ஊரில் தொலைக்காட்சி திருத்தும் இளைஞர் ஒருவரை அழைத்திருந்தார். மின்னிணைப்பைத் துண்டித்த பின்பும் இத்தகைய பெட்டிகளின் கொள்ளளவிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்; உயிரைப் பறிக்க அது போதும். அவர் அதை முதலில் வடியவிட்டு, மீற்றரில் பூச்சியத்தைக் கண்ட பிறகே உள்ளே கைவைத்தார். தவிட்டுத் தூசியைத் துடைத்து மின்சாரம் கொடுத்தபோது மீற்றர் 24 வோல்ட் காட்டியது. முதலாளியின் முகம் மலர்ந்தது. இளைஞர் லொறி பல்பு ஒன்றைப் பூட்டினார். அளவு 17 க்கு இறங்கியது.

"சும்மா இருக்கேக்க எல்லாம் சரியாத்தான் காட்டும் நானா. பாரத்தைக் குடுத்தாத்தான் உண்மை தெரியும்."

நான்கு கொள்ளளவிகளின் தலை வீங்கியிருந்தது. அவற்றின் உள்ளிருக்கும் திரவத்தை வெப்பம் உலர்த்திவிடும். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது மின்னணுவியலில் பொதுக்கணக்கு. தூசி அடைத்த விசிறியே இங்கு எமன். திருகோணமலையிலிருந்து வாங்கிவந்திருந்த, 105 பாகை தாங்கும் புதியவற்றைப் பற்றவைத்தார். மாலையில் லொறி பல்பு எரிய எரிய மீற்றர் 24 இலேயே நின்றது. இயந்திரமும் ஓடியது. ஆயினும், "டொலர் வந்ததும் புதுப்பெட்டி ஒண்டு எடுத்து வையுங்கோ, இது நிரந்தரமில்லை" என்று எச்சரிக்க அவர் தவறவில்லை.

"யாரிடம் கற்றீர்கள், தம்பி?"

"சீனி ஃபெக்டரியில எலக்ரிக் வேலை செய்த பெரியப்பாட்ட, ஐயா."

நான் எழுதாமல் விட்ட அந்த வரி என் முன்னே நின்றது. தொழிற்சாலை போனாலும் அதன் அறிவு ஒரு சிறு கடையில் தப்பிப் பிழைத்திருந்தது.

"உங்களிடம் யாராவது பழகுகிறார்களா?"

அவர் மின்வழங்கியின் மூடியை முறுக்கியபடியே சொன்னார்:

"ரெண்டு பெடியள் வந்தவங்கள். இப்ப ரெண்டுபேரும் பாஸ்போட் வரிசையில நிக்கிறாங்கள்."