கைதட்டிய கைகளுக்கு ஒரு வேலை! தைவானில் குப்பை பிரிக்கும் பாட்டிகள்

தைவானில் சாயங்கால நேரத்தில் தெருமுனையில் பீத்தோவன் இசை கேட்டால், ஐஸ்க்ரீம் வண்டி என்று ஓடிவிடாதீர்கள். வருவது குப்பை லாரி! 'ஃபர் எலிஸ்' அல்லது 'எ மெய்டன்ஸ் பிரேயர்', இரண்டில் ஒன்று ஒலிக்கும். மக்கள் பையோடு இறங்கி வந்து வண்டியிலேயே நேராகப் போட வேண்டும். தெருவில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. தலைநகர் தைபேயில் 2000-ம் ஆண்டிலிருந்து குப்பைப் பைக்கே காசு. குப்பை கூடினால் செலவும் கூடும்.

ஒருகாலத்தில் 'குப்பைத் தீவு' என்று கேலி செய்யப்பட்ட நாடு இது. மாறியதற்குச் சட்டம் பெரிய காரணம். ஆனால், சட்டம் வற்புறுத்தாமலேயே குப்பைக்குள் கைவிட்டவர்களும் உண்டு. அவர்களில் பலர் பாட்டிகள்.

ஊர் ஊராக இருக்கும் மறுசுழற்சி மையங்களில் அவர்களைப் பார்க்கலாம். குட்டை ஸ்டூல், கையுறை, எதிரே மலைபோல் பிளாஸ்டிக் பாட்டில்கள். மூடியைத் திருகி ஒரு கூடை. கழுத்தில் மாட்டியிருக்கும் வளையத்தை வெட்டி இன்னொரு கூடை. நிறமில்லாத பாட்டில் தனி, பச்சை தனி. பேப்பரில் மை படாத வெள்ளை ஓரத்தைக்கூடக் கிழித்துத் தனியே சேர்க்கிறார்கள். வெள்ளைத் தாளுக்கு விலை அதிகமாம். இத்தனைக்கும் ஒரு பைசா சம்பளம் கிடையாது.

இந்த மையங்களை நடத்துவது 'ட்சூ சி' என்ற பௌத்தத் தொண்டு அமைப்பு. அதன் பிறப்பிடம் கிழக்குக் கரையில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பசிபிக் கடலுமாக இருக்கும் ஹுவாலியன். சுற்றுலாப் பயணிகள் தரோகோ பள்ளத்தாக்கின் பளிங்குப் பாறைகளைப் பார்க்க வரும் ஊர். 1966-ல் இங்கே செங் யென் என்ற இளம் பிக்குணி, 30 இல்லத்தரசிகளிடம் ஆளுக்கொரு மூங்கில் குழாயைக் கொடுத்தார். தினமும் காய்கறி வாங்கக் கிளம்பும்முன் அரை தைவான் டாலரை அதில் போட வேண்டும். ஏழைகளுக்கான பணம் அது.

மாதக் கடைசியில் மொத்தமாக 15 டாலர் கொடுத்தால் ஆகாதா? அன்றே சிலர் கேட்டார்கள். கூடாது என்றார் அவர். மாதம் ஒருமுறை கொடுத்தால், கொடுக்கும் எண்ணமும் மாதம் ஒருமுறைதான் வரும்!

பிக்குணிகளும் நன்கொடையில் சாப்பிடவில்லை. குழந்தைகளுக்கான காலணி தைத்தார்கள். பிறகு மெழுகுவத்தி செய்தார்கள். தங்கள் பிழைப்பைத் தாங்களே பார்த்துக்கொள்வது இன்றுவரை அந்த மடத்தின் வழக்கம்.

தொண்டராகச் சேர்பவருக்குப் பத்து ஒழுக்கங்கள் உண்டு. மது, புகை, சூது கூடாது. தைவான் சாலையோரங்களில் கொடிகட்டிப் பறக்கும் பாக்கு மெல்லும் பழக்கமும் கூடாது. பெற்றோரை மதிக்க வேண்டும். போக்குவரத்து விதிகளை மதிப்பதும் இந்தப் பத்தில் ஒன்று. ஊருக்கு உதவக் கிளம்புபவர் முதலில் சிக்னலில் நிற்கட்டும் என்பது நல்ல யோசனைதானே!

குப்பை வேலை தொடங்கியது 1990-ல். தைச்சுங் நகரில் செங் யென் பேசி முடித்ததும் அரங்கம் கைதட்டியது. கைதட்டும் அந்தக் கைகளால் குப்பையைப் பிரியுங்கள் என்றார். காலையில் வழியில் பார்த்த தெருக்குப்பை அவர் மனதை உறுத்திக்கொண்டிருந்தது.

நெருடலான கேள்வி ஒன்றும் உண்டு. பழைய பேப்பர் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் முதியவர்கள் தைவானிலும் இருக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் புண்ணியத்துக்காக அதே வேலையில் இறங்கினால், அந்த முதியவர்களின் அட்டைப்பெட்டி என்ன ஆகும்? தொண்டரின் மனநிறைவு மட்டும் இதற்குப் பதிலாகிவிடாது. தெருவில் அப்படி ஒருவர் எடுக்க வரும் பொருளை அவருக்கே விட்டுவிடும் பெருந்தன்மையும் இந்தப் பயிற்சியில் சேர வேண்டியதுதான்.

சேரும் பாட்டில்கள் எங்கே போகின்றன? உருக்கி, நூலாக்கி, போர்வையாக நெய்கிறார்கள். ஒரு போர்வைக்குச் சுமார் 70 பாட்டில்கள். இதற்காகவே தொண்டர்களான தொழிலதிபர்கள் 2008-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நிலநடுக்கம், வெள்ளம் என்று பல நாடுகளுக்கு அந்தப் போர்வைகள் போகின்றன. கொண்டுபோகும் தொண்டர்கள் விமானச் செலவைத் தாங்களே ஏற்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் அம்பாந்தோட்டையில் வீடுகள் கட்டிக் கொடுத்ததும் இதே அமைப்புதான்.

போர்வையைக் கொடுக்கும்போது நீலச் சட்டை, வெள்ளை பேன்ட் அணிந்த தொண்டர் இரண்டு கைகளாலும் நீட்டுகிறார். இடுப்புவரை குனிகிறார். பிறகு, வாங்கிக்கொண்டவருக்கு அவர்தான் நன்றி சொல்கிறார்.