குடியிருப்பதற்கே வீடு

சென்னையில் இல்லறம் தொடங்கிய பதினான்கு ஆண்டுகளில் ஐந்து வாடகை வீடுகளைக் கண்டுவிட்டோம். ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றே: வாடகை உயர்ந்தது, எங்கள் வருவாய் அதனோடு உயரவில்லை. சென்ற முறை சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, “அடுத்த வீட்டிலாவது நெடுநாள் இருப்போமா, அம்மா?” என்று இளைய மகள் கேட்டாள். விடை கூற இயலாது நின்றோம்.

கடன் வாங்கிச் சொந்த வீடு தேடலாம் என்பர். கணக்கிட்டுப் பார்த்தோம், மாதத் தவணைக்கே சம்பளம் முழுவதும் போதாது. வாடகை, சொந்தம் என்னும் இரண்டையன்றி மூன்றாம் வழி இல்லையா என்று ஏங்கிய வேளையில்தான் உருகுவே நாட்டுத் தொழிலாளரின் வரலாற்றைப் படித்தறிந்தோம்.

தென் அமெரிக்காவின் அச்சிறு நாட்டில் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் ஒன்று பிறந்தது. அதன்படி குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கமாக இணைந்தன. அரசு கடன் தந்தது. குடும்பங்கள் உழைப்பைத் தந்தன. தலைநகர் மொண்டேவீடியோவில் ஆணும் பெண்ணும் அன்றாட வேலை முடிந்தபின் செங்கல் சுமந்தனர். குடும்பத்திற்கு வாரம் 21 மணிநேர உழைப்பு என்பது வழக்கம். எந்த வீடு எவருக்கென்று இறுதியிலேயே குலுக்கலில் முடிவு செய்தனர். ஆதலால் எல்லாச் சுவர்களையும் தம் வீட்டுச் சுவராகவே எண்ணி எழுப்பினர்!

வீடுகள் சங்கத்தின் உடைமை. குடும்பத்திற்கு வாழும் உரிமை உண்டு. அது பிள்ளைகளையும் சேரும். விலகுவோர் தம் பங்கைத் திரும்பப் பெறுவர். சந்தை விலைக்கு விற்க இயலாது. எனவே நிலத்தின் விலை ஏறினாலும் வீடு ஏழைக்கு எட்டாததாகிவிடுவதில்லை.

1973 முதல் 1985 வரை அங்கு நீடித்த இராணுவ ஆட்சி, இவ்வீடுகளைத் தனித்தனிச் சொத்தாக மாற்ற 1983இல் சட்டம் கொணர்ந்தது. தனிப் பத்திரம் கிடைக்கிறதே என்று மக்கள் மகிழ்ந்தார்களா? இல்லை. 1984 பிப்ரவரி 26 அன்று, ஒரே நாளில், அதற்கெதிராக மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர்.

இவ்வழி எளிதன்று. நல்ல சட்டமும், நிலமும், தாங்கக்கூடிய கடனும் இன்றி உழைப்பு மட்டும் கூரையாகாது. அண்டை வீட்டாருடன் ஆண்டுக்கணக்கில் ஒத்துப்போகும் பொறுமையும் வேண்டும்.

ஆயினும் சீட்டுப் பிடிக்கவும், ஒருவர் வீட்டு நன்மை தீமையில் தோள் கொடுக்கவும் நம் பங்குக் குடும்பங்களுக்குத் தெரியும். கூரைக்காக ஒன்றுசேர மட்டும் தெரியாதா? மகளுக்கு இன்னும் விடை கூறவில்லை. ஆனால் எங்கள் தெருவில் நான்கு குடும்பங்களோடு பேசத் தொடங்கியிருக்கின்றோம்.