நாக்குக்குப் பசு

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு யாளி செய்ய வந்தவரை எல்லாரும் சிற்பி ஐயா என்றுதான் கூப்பிட்டோம். தமிழ்நாட்டுக்காரர். கேமரன் மலைக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுடச்சுட மைலோ குடித்த பிறகுதான் சாரத்தில் ஏறுவார். காலையில் பேர் கொடுக்கும் பிரட்டு முடிந்து அம்மாமார் வேலைக்காட்டுக்குப் போய்விட்டால், பள்ளி விடுமுறையில் எங்களுக்குக் கோயில்தான் கதி.

1929இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்துத் தமிழர்கள் அம்மனையும் கூடவே கொண்டுவந்தார்கள். எங்கள் தோட்டத்தில் முதலில் இருந்தது தகரக் கொட்டகை என்பாள் பாட்டி. யாளியெல்லாம் பிறகு வந்த ஆசை.

கம்பி கட்டி, செங்கல் துண்டு வைத்து, சிமெண்டைப் பூசிப் பூசி உடம்பை ஏற்றினார். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். சில கோயில்களில் கல் யாளியின் வாய்க்குள் கல் உருண்டை இருக்குமாம். விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. அதே கல்லில் உள்ளேயே குடைந்து விட்டது. கேட்டதும் எங்களுக்கும் அது வேண்டும் என்றாகிவிட்டது. பல் வைப்பதற்குமுன் எங்கள் கோலி ஒன்றை வாங்கி உள்ளே போட்டார்.

வர்ணம் அடிக்கத்தான் மலை விடவில்லை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம்; மதியத்துக்குமேல் பனிமூட்டம் இறங்கிவிடும். ஈரக்காற்றில் எனாமல் பெயிண்ட் காயாது, பளபளப்புப் போய் வெளுத்துவிடும். அதனால் காலையில் மட்டும் வேலை. முதலில் முழுக்க வெள்ளை. அதன்மேல் பச்சை. அது காய்வதற்குள் பள்ளத்தில் கறுப்புக் கலந்த பச்சை, மேட்டில் மஞ்சள் கலந்த பச்சை, இரண்டும் சேருமிடத்தில் வெறும் தூரிகையால் ஒரு இழுப்பு. கிட்டத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தது, கீழே இறங்கிப் பார்த்தால் தசையாகப் புடைத்து நின்றது. இப்போது டப்பா நிறத்தை அப்படியே அடித்துவிட்டுப் போகிற யாளிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

நாக்குக்காக அவர் லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகைக்கே போனார். பசு கன்றை நக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ரோஸ் டப்பாவை அப்படியே அடிச்சா நாக்கு செத்துப்போயிடும்டா” என்று சொல்லி, சிவப்பு, வெள்ளை, ஒரு சொட்டுக் கறுப்பு கலந்தார். தொண்டைப் பக்கம் இருட்டு. நுனியில் மெல்லிய வெள்ளைக் கோடு. ஈரம் வந்துவிட்டது.

கண் கடைசியில். சீனப் பெருநாளுக்குப் பிரிஞ்சாங் கடைவீதியில் ஆடும் சிங்கம் கண் சிமிட்டும் என்று நாங்கள் சொல்லிவைத்தோம்.

“துதிக்கை உண்டா அதுக்கு?”

“இல்லீங்கய்யா.”

“அப்போ நம்மளுது ஒரு படி மேல” என்றார். ஆனாலும் இமை விளிம்பில் சிவப்பைத் தடிப்பாக ஏற்றினார். கருவிழியை நடுவில் வைக்காமல் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார். பார்க்கிறவன் கீழேதானே நிற்கிறான்!

கும்பாபிஷேகத்தன்று பாட்டி கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். “ஏன்யா இப்படி முறைக்குது? வேலை வாங்குற எங்க பழைய தண்டல் கொழுந்துக் கூடையை எட்டிப் பார்க்கிற மாதிரியே இருக்கு.”

சிற்பி ஐயா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.