வயலும் வாழ்வும்

1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. அதில் 'வயலும் வாழ்வும்' ஓடும்போது எங்கள் ஊரான திருப்பருத்திக்குன்றத்தில் வயலே இல்லாத நெசவு வீடுகளிலும் உட்கார்ந்து பார்ப்போம். எங்களுக்கென்று தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு புடலைப் பந்தல் இருந்ததே! பிஞ்சின் நுனியில் பாட்டி சிறு கல்லைக் கட்டுவார்; காய் சுருளாமல் நேராக நீளும். அவரையில் அசுவினி கண்டால் அதிகாலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல். பூசணி விதையைச் சாணத்தில் பொதிந்து சுவரில் தட்டிவைத்தால் ஆடிவரை பூச்சி அண்டாது.

நிதானமாகப் பேசிய அந்த நிகழ்ச்சியை இன்றும் நேசிக்கிறேன். ஆனால் அந்தக் காலத்து விதைதான் இப்போது கையில் இல்லை. கடையில் கிடைக்கும் வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்து ஊன்றினால், மறு வருடம் அதே காய் வருவதில்லை. பாட்டியின் விதையில் வந்தது.

யாரிடமாவது நாட்டுப் புடலை விதை இருக்கிறதா? ஆடிப்பட்டத்துக்குள் வேண்டும்.