குறைந்துவந்த ஊசி மருந்து

வண்டூரிலுள்ள என் பெரியம்மாவின் இன்சுலின் அளவு ஆறே மாதத்தில் 30 யூனிட்டிலிருந்து 18 ஆனது. சர்க்கரை நோய் தணிகிறதென்று வீட்டார் மகிழ்ந்தனர், எனக்கோ அச்சம். கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலை அடைகிறது. ஏறத்தாழப் பாதி அங்கேயே அழிகிறது. ஊசிவழிச் செல்வதோ நேரே பொதுக் குருதியோட்டத்தில் கலப்பதால், அதைச் சிதைப்பதில் சிறுநீரகத்தின் பங்கு பெரிது. 51 அமினோ அமிலங்களே கொண்ட அச்சிறு மூலக்கூறு குளோமெருலஸில் எளிதாக வடிந்து, அண்மைச் சுருண்ட நுண்குழலின் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, லைசோசோம்களில் துண்டாடப்படுகிறது. வடிந்ததில் நூற்றில் ஒரு பங்குகூடச் சிறுநீரில் வெளியேறுவதில்லை. (எத்துணைச் சிக்கனமான உறுப்பு!) சிறுநீரகம் நலிந்தால் இன்சுலின் குருதியில் நெடுநேரம் தங்கும், பழகிய அளவே தாழ்சர்க்கரையில் தள்ளிவிடும். பெரியம்மாவின் விடியற்கால வியர்வைக்கும் நடுக்கத்திற்கும் காரணம் இதுவாகலாம். கிரியேட்டினின் பரிசோதனைக்காக நாளை போர்ட் பிளேருக்குப் பேருந்து ஏறுகிறோம்.