அடைபடும் வாய்

காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் உள்ளது. மாரிக்காலத்தில் ஆரணியாறு பெருகி வருகையில் அது அகன்று திறக்கும். கோடையிலோ அலைகள் கொணரும் மணல் அதைச் சிறுகச் சிறுக அடைத்துவிடும். அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வாரா. பாடு முறைப்படி தம் முறைக்குக் காத்திருந்து வலைவிடும் மீனவர் வெறுங்கையோடு திரும்புவர். ஆகவே அவர்கள் மண்வெட்டியோடு ஒன்றுகூடி வழிவெட்டியதுண்டு.

பனிநாடுகளில் உறைந்த ஏரியில் துளையிட்டு மீன்பிடிப்போரும் அவ்வாறே. துளை மீண்டும் மூடாதிருக்க, நீரின்மேல் படரும் பனியை அடிக்கடி கரண்டியால் அள்ளி எறிவர்.

ஒரு தவக்காலத்தில், போர்த்துக்கீசியர் 1515இல் நிறுவிய பழவேற்காடு மகிமை மாதா ஆலயத்துக்குச் சென்றபோது இவற்றை எண்ணினோம். நம் தமையனாரோடு பேச்சு நின்று அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பெரிய சண்டை ஏதுமில்லை. ஒரு திருமணத்துக்குச் செல்லவில்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. மணலாய்ச் சேர்ந்தவை இவையே. அவருக்காக நாள்தோறும் செபித்தோம். மண்வெட்டியை மட்டும் தொடவில்லை.

அன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். "உள்ளே வா" என்றார், வேறொன்றும் பேசவில்லை. காப்பி வந்தது. குறுகிய வழிதான், ஆயினும் நீர் ஓடத் தொடங்கிற்று.

அடுத்த ஞாயிறன்று, திருப்பலி முடிந்ததும் மீண்டும் சென்றோம். ஒருமுறை வெட்டியதோடு முகத்துவாரம் திறந்தே இருந்துவிடுவதில்லை அன்றோ!