அடைப்பு என்றாலே ஸ்டென்டா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதயத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. "அடைப்பு இருக்கு" என்று டாக்டர் சொன்ன அன்றே நம் வீட்டு நகை அடகுக்கடைக்குப் போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

2019-ல் 'இஸ்கீமியா' என்ற ஆய்வின் முடிவு வெளியானது. இந்தியா உட்பட 37 நாடுகள், உடனடி ஆபத்தில்லாத இதயநோயாளிகள் 5,179 பேர். பாதிப் பேருக்கு மாத்திரையோடு ஆஞ்சியோகிராம், தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மற்றவர்களுக்கு முதலில் மாத்திரை மட்டும். மூன்று வருடத்துக்கு மேல் பார்த்ததில் மாரடைப்பு, மரணம் இரண்டிலும் பெரிய வித்தியாசமில்லை! அடிக்கடி நெஞ்சுவலி வந்தவர்களுக்கு மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் வலியை நன்றாகக் குறைத்தன.

மாரடைப்பே வந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இடது முதன்மைக் குழாயில் அடைப்புள்ளவர்களும் இந்த ஆய்வில் இல்லை. மற்றபடி, அப்பாவுக்காகக் கையெழுத்துப் போடுமுன் "மாத்திரையில் கொஞ்ச நாள் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதற்கு வட்டி கிடையாது.